மல்லிகைக் கட்டு

நொண்டிப்பட்டின்னு சொன்னாத்தான் எங்க எடம் ஆருக்கும் தெரியும். வாசல் போர்டுல மலையாளத்துல என்னவோ நீளமா எழுதியிருந்துச்சு, அதை ஒருத்தரும் நின்னு படிச்சதில்லை. பொள்ளாச்சிச் சந்தையில வாங்கின மாட்டை அந்தக் காலத்துல நடத்தியேதான் பாலக்காட்டுப் பக்கம் ஓட்டிக்கிட்டுப் போவாங்க. நடக்கமாட்டாம வழியில படுத்துக்கறதையெல்லாம் கொண்டுவந்து விடறதுக்குன்னு ஒரு புண்ணியவான் எலப்புள்ளிக்குக் கெழக்க கட்டிவெச்ச பட்டி அது. கால் ஒடிஞ்ச எருது, கண்ணு போன எருமை, கழுத்துல புண்ணு வெச்ச கழுதை, ஆரோ கட்டையால அடிச்ச நாயி, எல்லாம் அங்கதான் வந்து சேரும். என்ற ஊட்டுக்காரரு அதுக்குப் பொறுப்பு. கல்யாணம் பண்ணி நான் வந்து எறங்கினதும் அந்தப் பட்டிக்குள்ள இருந்த ஓட்டு ஊட்டுலதான். "உனக்கு எந்தக் காலு நொண்டின்னு அங்க கொண்டுபோயி உட்டாங்க?"ன்னு என்ற சித்தி மக கேலி பண்ணுவா. நானும் சிரிச்சுக்குவேன். அப்பெல்லாம் எனக்குச் சிரிப்பு சுளுவா வரும்.

நான் சொல்றது எழுபதுகளோட நடுவுல, ஒரு ஆனி, ஆடி. எங்க பக்கத்து ஆடிக்காத்தைப் பத்தித் தெரியாதவங்களுக்குச் சொல்லிப் புரியவெக்க முடியாது. ரெண்டு மலைக்கு நடுவுல இருக்கற கணவாய் வழியா மேக்க இருந்து வரும். பொழுது விடிஞ்சா அடையற வரைக்கும் பனையோலை சலசலன்னு பேசிக்கிட்டே இருக்கும். வெயிலு அடிக்கறப்பவே சாரலும் அடிக்கும். எந்நேரமும் அரைத்தூக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும். அந்த வருசம் நான் நெசமாவே அப்படித்தான் இருந்தேன்.

ஆனி மாசம் எனக்குப் பொறந்த கொழந்தை ஒரு நாள் முழுசா இருக்கலை. பொட்டப்புள்ளைன்னாங்க. நான் மயக்கத்துல கிடக்கறப்பவே துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. முகத்தை நான் பாக்கலை. அப்படித் தவறின கொழந்தையை எங்க பொதைச்சதுன்னு எங்களுக்குள்ள பெத்தவகிட்டச் சொல்லமாட்டாங்க. தெரிஞ்சா அவ அங்கயே போயி உக்காந்துக்குவா, அடுத்தது தங்காதுன்னு ஒரு பயம். கொண்டுபோயிப் பொதைச்சது ஊட்டுக்காரருதான். ஒரு தடவை கேட்டேன். "அதெல்லாம் எதுக்குப் புள்ள இப்ப, உடு"ன்னுட்டாரு. இன்னொரு தடவை மறுக்கக் கேக்க எனக்குத் தெம்பு இல்லை.

புள்ள போனது மாருக்குத் தெரியுமா? மூணாம் நாளு பால் கட்டிக்கிட்டுக் கல்லாட்டம் ஆயிருச்சு. என்ற மாமியா உதிரி மல்லியை மாருல பரப்பி, பழைய சேலைத் துணியால இறுக்கிக் கட்டிவிட்டாங்க. பால் வத்தறதுக்கு எங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியம் அதுதான். பூ வாடவாட மாத்தினாங்க. அஞ்சாறு நாள்ல எல்லாம் அடங்கிப்போச்சு. அதுக்கப்பறம் மல்லி வாசம் வந்தாலே எனக்குக் கொமட்டும். தலைக்குப் பூ வெக்கறதையே உட்டுட்டேன். சோறு போட்டாத் திம்பேன், இல்லைன்னா ஓலைச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருப்பேன்.

ஆடி பொறந்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், வாளையாத்துப் பக்கமிருந்து வந்த லாரி ஒண்ணு பட்டிக்கு முன்னால நின்னுச்சு. டிரைவரு எதையோ சாக்குல சுத்தித் தூக்கிக்கிட்டு வந்தாரு. "காட்டு ரோட்டுல கல்லுப்பாலத்துக்கிட்ட, கடலை போடுவாங்கன்னு ஓடியாந்து முன்னால போன வண்டியில அடிபட்டிருச்சுங்க. உசுரு இருக்குது. உட்டுட்டு வர மனசு கேக்கலை"ன்னாரு. சாக்கைப் பிரிச்சா, கொரங்கு. தலைமுடி நடுவகிடு எடுத்துச் சீவின மாதிரி இருந்துச்சு. வலது கை முழங்கைக்குக் கீழ தொங்கிப்போயி, விலாவுல தோலு கிழிஞ்சு கிடந்துச்சு.

"குட்டி ஏதும் இருந்துச்சுங்களா?"ன்னு ஊட்டுக்காரரு கேட்டாரு. பொட்டைக் கொரங்குன்னு பாத்ததும் கேட்டாரு.

"சின்னதா என்னவோ தெறிச்சுப் பள்ளத்துக்குள்ள விழுந்துச்சுங்க. அது எங்க பொழைச்சிருக்கப் போவுது"ன்னு சொல்லிட்டு டிரைவரு வண்டி ஏறிட்டாரு. அந்த ஒரு வார்த்தையை நாங்க அப்படியே நம்பிட்டோம்.

மிருகாஸ்பத்திரி டாக்டரு சைக்கிள்ல வந்தாரு. மலையாளத்துக்காரரு, எங்ககிட்டப் பேசறப்பப் பாதி தமிழு பாதி மலையாளம். ஊசி போட்டு அதைத் தூங்க வெச்சு, புண்ணைத் தெச்சு, கையை நேரா வெச்சு மாவுக்கட்டுப் போட்டு, அந்தக் கையை ஆட்டாம இருக்கறதுக்கு மாரோட சேத்துத் துணியால வரிஞ்சாரு. "சாரமில்ல, கை கூடிக்கும். நாலு ஆழ்ச்ச வெச்சுப் பாக்கணும்"னாரு. பயப்படறதுக்கு ஒண்ணுமில்லையாம், நாலு வாரமாம். அப்பறம் காட்டுலயே கொண்டுபோயி உட்டுரணுமாம். சொல்லிட்டுக் கை கழுவக் கெணத்தடிக்குப் போனாரு.

அப்பத்தான் பாத்தேன். அதோட ரெண்டு காம்புலயும் பாலு வடியுது. அது தூங்குது, பாலு பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்குது. வயித்து முடியெல்லாம் நனைஞ்சு ஒட்டிப்போயிருந்துச்சு. கட்டிக்கிட்டா எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும். வாய் இல்லாத சீவன் ஆருகிட்டச் சொல்லும்?

நேரா ஊட்டுக்குள்ள ஓடி, சாமிக்குன்னு மாமியா வாங்கி வெச்சிருந்த மல்லியை அப்படியே முறத்தோட தூக்கிக்கிட்டு வந்தேன். மாமியா பின்னாலயே வந்தாங்க. "அடியே, வெள்ளிக்கிழமைப் பூவுடி அது!"

"கொரங்கும் சாமிதானுங்க அத்தை"ன்னேன்.

கொரங்குகிட்ட வந்தவங்க, வடியற பாலைப் பாத்ததும் பேச்சை நிறுத்திட்டாங்க. நான் பூவைப் பரப்பிச் சேலைத் துணியைச் சுத்திக்கிட்டிருந்தேன். சித்தெ நேரம் பாத்துட்டு, "இப்படிக் கட்டினா நிக்காது, தள்ளு"ன்னு அவங்களே உக்காந்து முடிச்சுப் போட்டாங்க. எனக்குக் கட்டினப்ப போட்ட அதே முடிச்சு.

திரும்பி வந்த டாக்டரு பூவைப் பாத்து, "இதெந்தா, கல்யாணமோ?"ன்னு சிரிச்சாரு. கும்பிடறதுக்கு வெச்சிருக்கோம்னு நெனைச்சுக்கிட்டாரு போல. நாங்களும் எதுக்குன்னு சொல்லலை. பால் கட்டறது, வத்தறது எல்லாம் பொம்பளைக சமாச்சாரம். ஆம்பளை டாக்டருகிட்ட வாயத் தொறந்து சொல்ற பழக்கம் எங்களுக்கு இல்லை. அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு வேண்டாம்னிருப்பாரோ என்னவோ.

அதுக்கப்பறம் வந்த நாளெல்லாம் எனக்கு இப்பவும் பனிமூட்டத்துக்குள்ளதான் தெரியுது. நாய்க்குன்னு செஞ்ச பழைய கம்பிக்கூண்டைத் தொழுவத்து ஓரமா வெச்சிருந்தோம். மொதல்ல கிட்டப் போனாப் பல்லைக் காட்டும். மாவுக்கட்டைக் கடிக்கக் கூடாதுன்னு அது மேல வேப்பெண்ணெய் பூசினேன், அதுக்கு என்னைப் பாத்துத் துப்பாத குறைதான். டாக்டரு ஊசி போட வர்றப்பெல்லாம் பூவை மாத்துவேன். அது முழிச்சதும் எடது கையை உள்ள உட்டு ஒண்ணொண்ணா எடுத்துத் திங்கும். "எரும, மருந்தையா திங்கறே?"ன்னு திட்டுவேன். ரெண்டாவது வாரம் பால் சொட்டறது நின்னுபோச்சு. நல்ல காரியம் பண்ணினோம்னு எனக்கு ஒரு நிம்மதி.

மத்தியான நேரத்துல கூண்டுக் கம்பியில முதுகைச் சாய்ச்சு உக்காந்துக்குவேன். எருமை அசைபோடற சத்தம், ஓலைச் சத்தம், சாரல். கண்ணு தானா மூடிக்கும். மூடினா ஒரே கனாத்தான். நான் ஒரு பனங்காட்டுல நடந்துக்கிட்டிருப்பேன். ஏதோ ஒரு பனைக்குப் பின்னால கொழந்தை பால் குடிக்கற சத்தம் கேக்கும், மொடக்கு மொடக்குன்னு. அங்க போனா, சத்தம் அடுத்த பனைக்குப் போயிரும். அப்படியே பனை பனையாப் போயிக்கிட்டே இருப்பேன். பயமா இருக்காது, அலுப்பாவும் இருக்காது. இந்த மரத்துக்குப் பின்னால இருக்கும்னு நம்பிக்கிட்டே போறதுல ஒரு சொகம் இருந்துச்சு.

ஒரு நாளு அந்தக் கனாவுக்குள்ள தலையில என்னவோ ஊருது. முழிச்சா, கொரங்கு கம்பி வழியா எடது கையை நீட்டி என்ற முடியைப் பிரிச்சுப் பிரிச்சு பேன் பாத்துக்கிட்டிருக்குது. அசையாம உக்காந்திருந்தேன். கொழந்தை போனதுக்கப்பறம் என்னை ஆரும் அப்படித் தொட்டதில்லை. எதையோ ஒண்ணை எடுத்து வாயில போட்டுச் சப்புக்கொட்டிக்கிச்சு பாருங்க, எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. தீனிக் கூடையோட வந்த ஊட்டுக்காரரு அப்படியே நின்னு என்னைப் பாத்தாரு. நான் அதைப் பெருசா எடுத்துக்கலை.

நாலு வாரம் ஆனாலும் இதைக் காட்டுக்கு உடறதில்லைன்னு நான் மனசுக்குள்ள முடிவே பண்ணிட்டேன். அதுக்கும் குட்டி இல்லை, எனக்கும் இல்லை. ரெண்டு பேரும் இப்படியே மத்தியானத்துல உக்காந்துக்கிட்டுக் காலத்தை ஓட்டிரலாம்னு இருந்தேன்.

மூணாவது வாரம், ஒரு புதன்கிழமை காலையில, கம்மஞ்சோத்தைக் கரைச்சுக் குடுத்தா ஊட்டுக்காரரு குடிக்காமப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு.

"புள்ள, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொன்னாத்தானுங்க கோவிச்சுக்கறதா வேண்டாமான்னு தெரியும்."

"அந்தக் குட்டி சாகலை."

வாளையாத்துப் பக்கம் வைக்கோலு ஏத்தப் போனப்பப் பாத்திருக்காரு. அதே கல்லுப்பாலத்துல அதே கூட்டம். ஒரு கெழட்டுக் கொரங்கு தன்ற குட்டியை வயித்துல தொங்கப்போட்டுக்கிட்டு இருந்துச்சாம். பின்னாலயே இன்னொரு குட்டி வந்து ஒட்டுதாம். அது தள்ளிவிட, இது மறுக்கவும் வந்து ஒட்ட, பாக்கப் பாவமா இருந்துச்சாம். எலும்பு எண்ணலாமாம். நாலஞ்சு மாசக் குட்டிங்கறதால கொழுந்தையும் கடலையையும் கொறிச்சுக்கிட்டு உசுரை வெச்சிருக்குதுன்னாரு.

"எப்பப் பாத்தீங்க?"

"போன வாரம் செவ்வாக்கெழமை."

கையில இருந்த சட்டியைத் தரையில போட்டு ஒடைச்சேன். "எட்டு நாளா? எட்டு நாளாத் தெரிஞ்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களா? நீங்க மனுசந்தானா?"

அவரு தலையைத் தூக்கலை. "நீ சிரிச்சே புள்ள. சொன்னா உடனே கொண்டுபோயி உட்டுரோணும்பே. உட்டுட்டு வந்து பழையபடி சுருண்டு படுத்துக்குவியோன்னு பயந்துட்டேன்."

அவரைத் திட்டினேனே ஒழிய, என்ற மனசு என்ன யோக்கியம்? ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், அந்தக் குட்டி நெசமாவே செத்துப்போயிருக்கக் கூடாதான்னு எனக்குத் தோணுச்சு. இத்தனை வருசம் கழிச்சு அதை எழுதறப்பவும் கை கூசுது. ஆனாத் தோணுச்சு. அந்த வெக்கத்துலதான் எந்திரிச்சுக் கூண்டுக்கு ஓடினேன்.

மாருத் துணிக்குள்ள கையை உட்டுப் பூவையெல்லாம் இழுத்து எறிஞ்சேன். பழுப்பாக் காஞ்சுபோன மல்லி முடியோட முடியா ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அது என்னைக் கடிக்கலை. காம்பை மெல்ல அழுத்திப் பாத்தேன். ஒரு சொட்டு இல்லை. பாலை வத்தவெச்சது நான். குட்டி அங்க வயிறு ஒட்டிக்கிட்டு நிக்கறப்ப, இங்க வாசமாப் பூ மாத்திக்கிட்டு உக்காந்திருந்தது நான். தரையில உக்காந்து வாய் விட்டு அழுதேன். என்ற கொழந்தைக்குக் கூட நான் அப்படி அழுததில்லை.

டாக்டரு வந்ததும் வெக்கத்தையெல்லாம் மூட்டைகட்டி வெச்சுட்டு எல்லாத்தையும் சொன்னேன். எனக்குக் கட்டினதையும் சேத்துத்தான் சொன்னேன். அவரு திட்டுவாருன்னு பாத்தா, கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே நின்னாரு.

"இனி வராதுங்களா?"

"குட்டி சப்பினா வரும். வந்தாலும் வரும். கை கூட இன்னும் பத்து நாள் ஆகும், இப்ப உட்டா மரத்துலருந்து விழும். கூண்டோட கொண்டுபோயிக் காட்டிப் பாருங்க."

மாமியா அன்னிக்கே உறியில இருந்த பானையை எறக்கினாங்க. என்ற பிரசவத்துக்குன்னு சேத்துவெச்சிருந்த பூண்டு அதுலதான் இருந்துச்சு, ஆரும் தொடாம. பால் ஊறட்டும்னு அதை உரிச்சு வேகவெச்சாங்க. பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் எடுத்தாங்க. முருங்கைக் கீரை வேற. கொரங்கு பருத்திப்பாலை ருசிச்சுக் குடிச்சுது, முருங்கைக் கொழுந்தையும் மேஞ்சுது. பூண்டை மட்டும் மோந்து பாத்துட்டு மாமியா மூஞ்சியிலயே உட்டெறிஞ்சுது. "கொழுப்பைப் பாரு! என்ற மருமக கூட இப்படிப் பண்ணமாட்டா"ன்னாங்க மாமியா.

மறுநாளு காலையில கூண்டை ஒத்தை மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டுப் போனோம். பட்டியில காலு தேறின காளைதான் இழுத்துச்சு. கல்லுப்பாலத்துக்கிட்ட கூண்டை எறக்கி வெச்சுட்டுத் தள்ளிப்போயி உக்காந்துக்கிட்டோம். மேகம் ரோட்டு வரைக்கும் எறங்கியிருந்துச்சு, மரத்துல கெளை தெரியலை, சத்தந்தான் கேட்டுச்சு. கூண்டுக்குள்ள இருந்து அது ஒரு கூப்பாடு போட்டுச்சு. மூணு வாரத்துல ஒரு நாள் கூட அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. மேகத்துக்குள்ளருந்து குட்டி தனியா எறங்கி வந்துச்சு. உள்ளங்கை அகலம் முகம், அதுல பாதி கண்ணு. கம்பிச் சந்துல ஒடம்பை நுழைச்சு உள்ள போயி, அம்மாளோட மாருல வாயை வெச்சுச்சு.

சப்புச்சு. அடுத்த மாருக்குப் போயிச் சப்புச்சு. அப்பறம் வீல்னு கத்துச்சு. மறுக்கவும் சப்பிப் பாத்துட்டு, கம்பிச் சந்துல வெளிய வந்து, தள்ளிவிடற அந்தக் கெழட்டுக் கொரங்குகிட்டயே போயிருச்சு. நான் முந்தானையை வாயில வெச்சுக் கடிச்சுக்கிட்டேன். திரும்பி வர்ற வழியெல்லாம் ஊட்டுக்காரரோட ஒரு வார்த்தை பேசலை.

ரெண்டாம் நாளும் அப்படித்தான். மூணாம் நாளு குட்டி கத்தலை, வெறும் மாருல வாயை வெச்சுக்கிட்டே தூங்கிப்போச்சு. அம்மாக்காரி எடது கையால அதோட முதுகைத் தடவிக்கிட்டே உக்காந்திருந்தா. நாலாம் நாளு நான் கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், பாக்கத் தைரியமில்லாம. காத்து ஒரு நிமிசம் நின்னுச்சு. அப்பக் கேட்டுச்சு, மொடக்கு, மொடக்குன்னு. மத்தியானக் கனாவுல பனை பனையா நான் தேடிப்போன அதே சத்தம். திரும்பினேன். குட்டியோட கடவாயில வெள்ளையா நுரை. ஊட்டுக்காரரு தோளைப் புடிச்சு, "ஏனுங்க, பாருங்க, பாருங்க"ன்னு உலுக்கிட்டேன். எட்டு நாளு மறைச்ச கோவத்துல அவருகிட்டப் பேசாம இருந்ததே மறந்துபோச்சு.

அன்னிக்குக் குட்டி கூண்டை உட்டு எறங்கலை. ரெண்டையும் சேத்துப் பட்டிக்குக் கொண்டுவந்தோம். கட்டு அவுக்கற வரைக்கும் அந்த ஒரு வாரம் நான் கூண்டுல முதுகைச் சாய்க்கவே இல்லை. குட்டியையும் தொடலை. தொட ஆசை இல்லாமலா? கை பரபரன்னு வரும். அது என்றது இல்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, எருமைக்குத் தவிடு கரைக்கப் போயிருவேன்.

டாக்டரு கட்டை அவுத்துக் கையை நீட்டி மடக்கிப் பாத்து, சரின்னாரு. மறுநாளு காலையில வண்டியில ஏறப்போறப்ப, மாமியா வாழையிலையில கொஞ்சம் மல்லி வெச்சுக் குடுத்தாங்க. "இன்னிக்காவது தலையில வெய்யி அம்முணி"ன்னாங்க. எத்தனையோ நாளைக்கப்பறம் அந்த வாசம் கொமட்டலை. ஆனாலும் வெக்கத் தோணலை. மடியில கட்டிக்கிட்டேன்.

பாலத்துக்கிட்டக் கூண்டுக் கதவை நான்தான் தொறந்தேன். அது எட்டிப் பாத்துச்சு. குட்டியை வயித்துல அள்ளிக்கிட்டு, வலது கையைப் பட்டும் படாம ஊணி, ரோட்டைத் தாண்டி மரத்துல ஏறிருச்சு. கெழட்டுக் கொரங்கு எறங்கி வந்து அந்தக் கையை மோந்து பாத்துட்டு, பக்கத்துல உக்காந்து பேன் பாக்க ஆரம்பிச்சுது. மேகம் மூடிருச்சு. அவ்வளவுதான். என்னைத் திரும்பிப் பாத்துச்சுன்னு எழுத எனக்கும் ஆசைதான், ஆனாப் பாக்கலை.

வெறுங்கூண்டு வண்டியில ஆடிக்கிட்டே வந்துச்சு. பாதி வழியில நான் கேட்டேன். "ஏனுங்க, நம்ம புள்ளையை எங்க பொதைச்சீங்க?"

"அதெல்லாம் எதுக்குப் புள்ள..."ன்னு ஆரம்பிச்சவரு, அப்படியே நிறுத்திட்டாரு.

"அந்தக் கொரங்குகிட்ட எட்டு நாளு மறைச்சீங்க. என்கிட்ட எத்தனை நாளைக்கு மறைப்பீங்க?"

அவரு மாட்டைத் தட்டி ஓட்டினாரு. மூக்கை உறிஞ்சற சத்தம் மட்டும் கேட்டுச்சு. நொண்டிப்பட்டிக்குத் திரும்பற பிரிவுல வண்டி திரும்பலை. வாய்க்கா ஓரமா நேராப் போயி, ஒரு பனங்காட்டுக்குள்ள எறங்கி, நாலாவது பனைக்கிட்ட நின்னுச்சு. அதுக்குப் பின்னால மூணு கல்லு அடுக்கியிருந்துச்சு. மடியில இருந்த மல்லியை நான் அவுத்து அங்கதான் வெச்சேன்.